பூவாயி கையில் இருந்த பாதி

கஹவத்தை பஸ் நிலையத்துக்கு எதிரே, பவாஸ் நானாவின் போன் கடைக்கு மேல்மாடியில் கோகிலா பச்சை குத்தும் அறை வைத்திருந்தாள். பெயர்ப்பலகையில் மூன்று மொழியிலும் ‘டட்டூ’ என்றுதான் எழுதியிருந்தது. ஆனால் தோட்டத்துச் சனம் அதைப் பச்சைக் கடை என்றது. சிங்களவர்களும் ‘பச்ச’ என்றே சொன்னார்கள். அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் அங்கே மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

கோகிலாவுக்கு முப்பத்தொரு வயது. கலுகலைத் தோட்டத்தில் இறப்பர்ப் பால் வெட்டியவர்களின் மகள். கொழும்பில் ஒரு டட்டூ கடையில் நான்கு வருடம் வேலை செய்தவள், அம்மாவுக்கு நடக்க முடியாமல் போனதும் ஊருக்குத் திரும்பினாள். வருகிறவர் கேட்கும் படத்தை வைத்தே அவர் காதில் என்ன பாட்டு ஓடுகிறது என்று சொல்லிவிடுவாள். மண்டையோடும் முள்ளுக்கம்பியும் கேட்டால் இரைச்சலான கித்தார். கழுத்தில் சாய்ந்த எழுத்துக் கேட்டால் ராப். புஜத்தைச் சுற்றித் தடித்த கறுப்புக் கோடுகள் கேட்டால் ஜிம்மில் போடும் அதிரடி. ரோசாப் பூவுக்குக் கீழே மகளின் பெயர் கேட்கிறவர்கள் பழைய பைலா ஆட்டப்பாட்டு ரசிகர்கள். அநேகமாகத் தவறாது.

கொழும்பில் இருந்தபோது வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஏதோ ஒரு தீவின் பச்சை வடிவங்கள் அடங்கிய புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார். ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு பெயர், ஒரு கதை. “உங்கள் ஊரில் இப்படி ஒன்றும் இல்லையா?” என்று கேட்டார். இல்லை என்றாள். ஊருக்கு வந்த பிறகுதான் லயம் எனப்படும் தோட்டத்து வரிசை வீடுகளில் இருந்த பெண்களின் கைகளைச் சரியாகப் பார்த்தாள். தேள், மயில், தேர், வாயால் சொல்லக் கூடாத புருஷன் பெயரின் முதல் எழுத்து என்று எல்லாம் அங்கே இருந்தன. பிறந்ததிலிருந்து பார்த்த கைகள்தான்.

ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் லயம் லயமாகப் போய் வரையத் தொடங்கினாள். அப்படிப் போனபோதுதான் பாட்டுகளும் கிடைத்தன. திருவிழாக் காலத்தில் தோட்டத்துக்கு வந்த பச்சை குத்தும் பெண்கள், வலி தெரியாமல் இருக்கப் பாடிக்கொண்டே குத்தியிருக்கிறார்கள். தேளுக்கு ஒரு பாட்டு, மயிலுக்கு ஒரு பாட்டு. ஊசி பாட்டின் தட்டுக்குத்தான் இறங்கும். அதனால் ஒரு கையில் இருந்த புள்ளிகளை எண்ணினால் பாட்டின் தாளம் அதில் கிடந்தது. இதைக் கண்டுபிடித்த அன்று கோகிலாவுக்குத் தூக்கம் வரவில்லை.

கீழ் லயத்தில் மூன்றாவது வீட்டில் வெள்ளையம்மா இருந்தாள். அறுபது வயது. தோட்டத் தொழிலாளர் பேர் பதிவிலிருந்து விலகி, இப்போது பக்கத்துச் சிங்களவரின் சிறு தேயிலைக் காணியில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். அவள் இடது முன்னங்கையில் மூன்று மூன்றாகப் புள்ளிகள். அவற்றைச் சுற்றி வளைந்து ஓடிய கோடு கையின் ஓரத்துக்கு வந்ததும் அறுத்துவிட்டது போல நின்றது.

“இது பாதியிலேயே நிக்குதே பெரியம்மா. வலி தாங்காம எந்திரிச்சிட்டீங்களா?” என்று கோகிலா கேட்டாள்.

“நான் எந்திரிக்கல. மத்த பாதி எங்கக்கா கையில இருக்கு.”

வெள்ளையம்மா அடுப்பைத் தணித்துவிட்டு வந்து உட்கார்ந்து சொன்னாள். அக்கா பெயர் பூவாயி. பதினெட்டு வயதில் கல்யாணம். புருஷன் வீட்டாருக்கு இந்தியப் பாஸ்போர்ட் வந்தது. எழுபத்தொன்பதாம் வருடம் கப்பலேறப் போகிறார்கள் என்று தெரிந்ததும், அம்மா பச்சை குத்தும் பெண்ணை வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டாள்.

“எங்க ரெண்டு பேரையும் ஒட்டி ஒக்கார வச்சு, எங்கையையும் அவ கையையும் சேத்துப் புடிச்சு, அது மேல ஒரே கோலமா குத்தச் சொன்னாங்க. அந்தப் பொம்பள அவ பாட்ட எடுத்தா. எங்கம்மா, நீ குத்து, நான் பாடுறேன்னு சொல்லிட்டாங்க. அழுதுகிட்டே அவங்களா கட்டிப் பாடுனது. அப்ப எனக்குப் பதினஞ்சு வயசு.”

“அப்புறம் அக்கா வரலையா?”

“மண்டபம் கேம்ப்புல இருந்து ஒரு கடுதாசி வந்துச்சு. அதோட சரி. நாப்பத்தஞ்சு வருசம். அவ மூஞ்சி எனக்கு மறந்துருச்சு, புள்ள. எம்மூஞ்சியும் அவளுக்கு மறந்திருக்கும். இந்தியாவுல இருந்து யாரு வந்தாலும் நான் கையத்தான் பாப்பேன். கையில தப்பு வராது.”

கோகிலா கொப்பியைத் திறந்தபோது வெள்ளையம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

“எம் பாதிய வரைஞ்சுக்க. மத்த பாதிய நீயா சேத்து வரையாத. அது அவளோடது. பாட்டையும் வெளிய யாருக்கும் போட்டுக் காட்டாத.”

“மாட்டேன் பெரியம்மா. எண்ணிப் பாக்கத்தான்.”

வெள்ளையம்மா மெல்லிய குரலில் பாடினாள். கோகிலா கைபேசியில் பதிந்துகொண்டாள்.

*மூணு வச்சேன் உனக்கு, நாலு வச்சேன் அவளுக்கு,*
*சேத்து வச்சா கோலமடி, பிரிச்சு வச்சா புள்ளியடி...*

அந்தத் தாளம் கோகிலாவுக்குப் பிடிபடவில்லை. எத்தனை தடவை எண்ணினாலும் ஓரிடத்தில் ஒரு தட்டு குறைந்தது. அடுத்த ஞாயிறு பிற்பகல், மழைக்குக் கடையில் ஆளில்லாத நேரத்தில், பிரசாந்துக்கு அதைப் போட்டுக் காட்டினாள்.

பிரசாந் அவளோடு தோட்டப் பள்ளிக்கூடத்தில் படித்தவன். அவன் அப்பா சிவம் சேர் பருத்தித்துறையிலிருந்து கணக்குப் படிப்பிக்க வந்து இங்கேயே தங்கிவிட்டவர். மகன் கஹவத்தையில் பிறந்தும் வீட்டில் பேசும் பருத்தித்துறைப் பேச்சை விடவில்லை. மிருதங்கம் கற்றான், பிறகு கித்தார். இரத்தினபுரியில் மூன்று சிங்களப் பொடியன்களோடு ‘மண்சரிவு’ என்று ஒரு இசைக்குழு நடத்தினான். அவன் வலது தோளில் இருந்த மிருதங்கமும், முதுகில் இருந்த மழைக்கோடுகளும் கோகிலா குத்தியவை. ஆறு வருடக் காதல். வருகிற தையில் வீட்டில் சொல்லிவிடலாம் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். யாருக்கும் போட்டுக் காட்டாதே என்று வெள்ளையம்மா சொன்னபோது, அந்த ‘யாருக்கும்’ என்பதில் பிரசாந்தும் அடக்கம் என்று கோகிலாவுக்குத் தோன்றவே இல்லை.

அவன் கண்ணை மூடிக் கேட்டான். பிறகு மேசையில் விரலால் தட்டினான். தகிட, தகதிமி. தகிட, தகதிமி.

“மூண்டும் நாலும் ஏழு. மிஸ்ரம். நீர் எட்டாக்கப் பாத்திருக்கிறீர், அதுதான் பிசகினது.” கொப்பியை இழுத்துப் பார்த்தான். “இந்தக் கையில எல்லாம் மூண்டு புள்ளி. அப்ப மற்றக் கையில நாலு. குரல் எங்க இழுபடுதோ அங்க கோடு வளையுது. இஞ்ச பாரும்.”

பக்கத்தில் கிடந்த பில் துண்டின் பின்பக்கத்தில் அவன் வரையத் தொடங்கினான். நான்கு புள்ளி, ஒரு வளைவு, நான்கு புள்ளி. அறுபட்டு நின்ற கோடுகள் ஒவ்வொன்றாக அதில் போய்ச் சேர்ந்தன. நாற்பத்தைந்து வருடமாக யாரும் பார்க்காத அந்தப் பாதி பாட்டுக்குள்ளிருந்து எழுந்து வந்ததைப் பார்த்தபோது கோகிலாவுக்கு உடம்பு சிலிர்த்தது. உடனே பயமும் வந்தது.

“வேணாம். வரையாதீங்க. வாக்குக் குடுத்திருக்கேன்.”

“சரி, விடும்.” அவன் பேனாவை வைத்துவிட்டான். அவள் அந்தத் துண்டைக் கிழித்துக் கூடையில் போட்டாள். போகும்போது கேட்டான்: “பதிவை மட்டும் எனக்கு அனுப்பி விடும். தாளத்தைக் கேட்டுப் பழகத்தான்.”

அவள் அனுப்பினாள்.

நான்கு மாதத்துக்குப் பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை, நிவித்திகல பஸ்ஸில் வேலை செய்யும் சிங்களக் கண்டக்டர் ஒருவர் படியேறி வந்தார். ஏற்கெனவே மகளின் பெயரை அவளிடம் குத்திக்கொண்டவர். கைபேசியை நீட்டினார்.

“மே பச்ச கஹன்ன புளுவன்த, நங்கி?”

இந்தப் பச்சையைக் குத்த முடியுமா, தங்கச்சி என்று கேட்டார். திரையில் ஒரு முன்னங்கை. சுருக்கம் விழுந்த தோல். அதில் நான்கு நான்காகப் புள்ளிகளும் வளைவுகளும், பில் துண்டில் பிரசாந் வரைந்த அதே பாதி.

எங்கே கிடைத்தது என்று சிங்களத்தில் கேட்டாள். புதிய பாட்டின் படம் அது, எங்கள் பஸ்ஸில் இப்போது நாள் முழுக்க அதுதான் ஓடுகிறது, சொல் விளங்காவிட்டாலும் நெஞ்சில் ஏதோ செய்கிறது என்று அவர் சந்தோஷமாகச் சொல்லி, பாட்டைப் போட்டும் காட்டினார். பிரசாந் பாடினான். நன்றாகவே பாடியிருந்தான். கித்தார் ஓய்ந்ததும் கடைசியில் சில நொடிகளுக்கு ஒரு வயதான குரல் தனியாக வந்தது. அது வெள்ளையம்மாவின் குரல். பின்னால் அவள் வீட்டு அடுப்பில் விறகு வெடிக்கும் சத்தம்கூடக் கேட்டது. கீழே எழுதியிருந்தது: ‘என் அப்பம்மா எனக்குப் பாடிய தாலாட்டு.’

இன்றைக்கு மெஷின் சரியில்லை என்று சொல்லி அவரை அனுப்பினாள். பிறகு கதவைப் பூட்டிக்கொண்டு இரத்தினபுரி பஸ்ஸில் ஏறினாள்.

இசைக்குழு பழகும் அறையில் பிரசாந் தனியாக இருந்தான். அவளைக் கண்டதும் எழுந்து சிரித்தான்.

“பாட்டைக் கேட்டுட்டீரா? ஆச்சரியமா இருக்கட்டும் எண்டுதான் சொல்லேல்ல.”

“அது யாரோட பாட்டு?”

அவன் சிரிப்பு மெல்ல இறங்கியது. “அவவின்ர எண்டு எனக்குத் தெரியாதா? ஆனா அந்தப் பெரிய கதையை ஆர் நிண்டு வாசிக்கிறது? அப்பம்மா எண்டா ஒரு சொல்லில முடிஞ்சிடும்.”

“ஒங்க அப்பம்மா பருத்தித்துறைய விட்டு ஒரு நாளும் இந்தப் பக்கம் வந்ததில்லன்னு நீங்கதான் சொன்னீங்க.”

அவன் கித்தாரை எடுத்துச் சுவரில் சாய்த்து வைத்தான்.

“அந்தக் கோலம்? வரையாதீங்கன்னு சொன்னேனே.”

“படத்துக்கு ஒரு வயசான நடிகையின்ர கையில கீறினதுதான். கோலம் அந்தப் பாட்டுக்குள்ளயே கிடக்கு கோகிலா. கேக்கத் தெரிஞ்ச ஆருக்கும் கிடைக்கும். இவ்வளவு காலமும் ஒரு லயத்துக்குள்ள புழுங்கிக் கிடந்த பாட்டை இண்டைக்கு மூண்டு லட்சம் பேர் கேக்கினம். இதில ஆருக்கு என்ன நட்டம்? அந்த மனுசியின்ர அக்கா உயிரோட இருந்தா, இதைக் கண்டு தேடியும் வரலாம். அப்ப நீரே எனக்கு நன்றி சொல்லுவீர்.”

அவன் சொன்னதில் கொஞ்சம் நியாயமும் இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் கோபத்தை ஏற்றியது.

“ஒங்கள நம்பிக் குடுத்தேன்.”

“ஓம், நீர்தான் தந்தீர்.” அவன் குரல் உயரவில்லை. “நான் களவெடுக்கேல்ல. பதிவை அனுப்பினது நீர்.”

பஸ்ஸில் திரும்பும்போது அந்தக் கடைசி வார்த்தையைத்தான் கோகிலா நினைத்துக்கொண்டு வந்தாள். அவன் ஏமாற்றியது ஒரு பக்கம். அவன் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய்யில்லை என்பது இன்னொரு பக்கம். பெல்மதுளையில் பஸ்ஸில் அந்தப் பாட்டைப் போட்டார்கள். அவள் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை, வேறு யார் வாயாலாவது போய்ச் சேர்வதற்கு முன் தானே சொல்லிவிட வேண்டும் என்று கீழ் லயத்துக்குப் போனாள். வெள்ளையம்மா கொழுந்து பறிக்கப் போக இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டிருந்தாள். கோகிலாவுக்கு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. கைபேசியில் அந்தப் படத்தை எடுத்து நீட்டினாள். அதைச் செய்திருக்கவே கூடாது.

வெள்ளையம்மா கைபேசியை வாங்கி முகத்துக்குக் கிட்டே பிடித்துப் பார்த்தாள். படங்குக் கயிறு கையிலிருந்து நழுவியது. மெதுவாக வாசற்படியில் உட்கார்ந்து, இடது கையைத் திரைக்குப் பக்கத்தில் வைத்தாள். புள்ளி புள்ளியாக ஒத்துப் பார்த்தாள்.

“கெடச்சிட்டாளா?” என்றாள். அவ்வளவு மெதுவாக. “எங்க இருக்கா? கை இம்புட்டு மெலிஞ்சு போச்சே. சாப்பாடெல்லாம் ஒழுங்கா இருக்காமா?”

கோகிலா படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“பெரியம்மா, அது அவங்க கை இல்ல.”

“இது அவ கைதான். நாலு நாலா இருக்கு பாரு.”

“இல்ல பெரியம்மா. படம் எடுக்குறதுக்காக யாரோ ஒரு நடிகையோட கையில வரைஞ்சது. நாந்தான் பாட்ட பிரசாந்துக்குக் குடுத்தேன். அவரு அத வச்சு...”

எல்லாவற்றையும் சொன்னாள். தாளம் பிடிபடாததையும், பில் துண்டையும், பதிவை அனுப்பியதையும் சொன்னாள். தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒன்றையும் விடவில்லை.  வெள்ளையம்மா கைபேசியைக் கவிழ்த்துப் படியில் வைத்தாள்.

“எத்தன பேரு பாத்திருப்பாங்க?”

“மூணு லட்சம்.”

“அதுல எத்தன பேரு கையில குத்திக்குவாங்க?”

“தெரியல பெரியம்மா. நேத்து எங்கிட்டயே ஒருத்தரு வந்து கேட்டாரு.”

“அப்ப இனிமே எந்தக் கையப் பாத்து நான் நம்புறது?”

கோகிலா வாயைத் திறந்தாள். பிரசாந் சொன்னது, அக்கா இதைக் கண்டு தேடி வரலாம் என்றது, நாக்கு நுனி வரை வந்தது. சொல்ல முடியவில்லை.

“அம்மா எனக்குன்னு விட்டுட்டுப் போனது அது ஒண்ணுதான்,” என்றாள் வெள்ளையம்மா. அழவில்லை. படங்கை இடுப்பில் கட்டி, கூடையை எடுத்துக்கொண்டு மலைப்பக்கம் போய்விட்டாள்.

செய்தி லயங்களில் பரவ இரண்டு நாள்கூட ஆகவில்லை. கோகிலா நடந்து போனால் பெண்கள் முந்தானையை இழுத்துக் கையை மூடிக்கொண்டார்கள். தேள் குத்தியிருந்த ஜெயம்மா கடைக்கே வந்து, “ஏம் பக்கத்தக் கிழிச்சுக் குடுத்துரு,” என்றாள். கோகிலா கிழித்துக் கொடுத்தாள். அதன் பிறகு மீதிப் பக்கங்களையும் அவளே கிழித்து, ஒவ்வொரு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தாள். சிலர் வாங்கிக்கொண்டார்கள். சிலர் அவள் கண் முன்னாலேயே அடுப்பில் போட்டார்கள். வெள்ளையம்மா கதவைத் திறக்கவில்லை. கதவிடுக்கில் செருகிவிட்டு வந்தாள்.

பிரசாந் பலமுறை அழைத்தான். ஒரு வாரம் கழித்துத்தான் அவள் எடுத்தாள். நீர் சொன்னால் பாட்டையே எடுத்துவிடுகிறேன் என்றான். அது வெள்ளையம்மா சொல்ல வேண்டியது என்றாள். அப்பம்மா என்று எழுதியதை ஏற்கெனவே மாற்றிவிட்டதாகவும் சொன்னான். அவள் பார்த்தாள். ‘பாரம்பரியப் பாடல்’ என்று மாற்றியிருந்தான். ஒரு தாய் தன் இரண்டு பெண்களை ஒட்டி உட்கார வைத்து அழுதுகொண்டு கட்டிய பாட்டுக்கு இப்போது பெற்றவளே இல்லை. முன்பு எழுதியதைவிட இதுதான் அவளுக்கு மோசமாகப் பட்டது.

“தையில வீட்டில கதைக்கிறது எண்டு...” என்று அவன் இழுத்தான்.

“கதைக்க வேண்டியதில்ல,” என்று வைத்துவிட்டாள். அன்று சாயங்காலம் வரை வேலை செய்தாள். வீட்டுக்குப் போய் அம்மாவுக்குச் சோறு போட்டுக் கொடுத்த பிறகுதான் அழுதாள்.

மூன்று வாரம் போனது. பௌர்ணமி விடுமுறையான ஒரு போயா நாள் காலையில் வெள்ளையம்மா படியேறி வந்தாள். வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். கோகிலா எழுந்து நாற்காலியை நகர்த்தினாள். அவள் உட்காரவில்லை.

“அந்தப் பாட்டு இன்னும் போனுல இருக்கா?”

“இருக்கு பெரியம்மா. எடுத்துறச் சொல்றேன். இப்பவே சொல்றேன்.”

“எடுக்க வேணாம். எடுத்தா மட்டும் குத்துனவங்க கையில இருந்து போயிருமா? அதுக்குக் கீழ எழுதலாம்னு எம்மவன் சொன்னான். நான் சொல்றத எழுது.”

கோகிலா கைபேசியை எடுத்தாள். வெள்ளையம்மா சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்லிக்கொண்டே போனாள்.

“கலுகலைத் தோட்டத்து வெள்ளையம்மா எழுதுறேன். பூவாயி, கையப் பாத்து யாரையும் நம்பாத. நானும் நம்ப மாட்டேன். சின்ன வயசுல அம்மா நம்ம ரெண்டு பேரையும் சேத்து என்ன சொல்லிக் கூப்புடுவாங்கன்னு சொல்லு. அதச் சொல்றவதான் எங்கக்கா.”

கோகிலா எழுதி முடித்து வாசித்துக் காட்டினாள். வெள்ளையம்மா தலையசைத்தாள்.

“அந்தப் பேரு என்னன்னு ஒனக்குச் சொல்ல மாட்டேன்,” என்றாள்.

“சொல்லாதீங்க பெரியம்மா.”

“பதிலு வந்தா கொண்டு வந்து சொல்லு. சரியா தப்பான்னு நான் பாத்துக்குவேன்.”

தேத்தண்ணி குடிக்கச் சொன்னாள் கோகிலா. பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று வெள்ளையம்மா இறங்கிப் போனாள். அன்றே கோகிலா பிரசாந்துக்கு ஒரே வரி அனுப்பினாள், அந்தக் குறிப்பை எல்லாருக்கும் முதலில் தெரியும்படி மேலே வைக்கச் சொல்லி. அவன் வைத்தான்.

இப்போது ஆறு மாதமாகிறது. தேனியிலிருந்தும் கூடலூரிலிருந்தும் திருச்சியிலிருந்தும் பதில்கள் வருகின்றன. சிலர் உண்மையிலேயே யாரையோ தேடுகிறவர்கள். சிலர் விளையாட்டுக்கு எழுதுகிறவர்கள். எது எந்த வகை என்று கோகிலாவால் பிரிக்க முடியாது. அதனால் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் கீழ் லயத்துக்குப் போகிறாள். வெள்ளையம்மா வாசலில் நின்றபடியே கேட்கிறாள். உள்ளே வா என்று சொல்வதில்லை.

“ரெட்டக்கிளி?”

“இல்ல.”

“பெரியகுட்டி சின்னக்குட்டி?”

“இல்ல.”

“கண்ணுமணி?”

வெள்ளையம்மா சற்று யோசிப்பது போல நிற்பாள். கோகிலா மூச்சைப் பிடித்துக்கொள்வாள்.

“இல்ல. அடுத்ததப் படி,” என்பாள் வெள்ளையம்மா.